ஒரு தொழிலுக்கு ஒரு நாற்காலி

ரோட்டரி சங்கத்தின் ஐந்தாவது உறுப்பினர் ஓர் அச்சகக்காரர். பெயர் ஹாரி ரகிள்ஸ், ஊர் சிகாகோ. முதல் நாலு பேரைப் பற்றி ஒவ்வொரு பதவியேற்பு விழாவிலும் யாராவது ஒருவர் மைக்கைப் பிடித்துப் பேசிவிடுவார். ரகிள்ஸைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. நானும் அச்சகக்காரன் என்பதால் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் ஒட்டுதல் உண்டு. ரோட்டரிக் கூட்டங்களில் பாட்டுப் பாடும் வழக்கம் அவரால் வந்தது. ஒரு கூட்டத்தில் யாரோ அசிங்கமான கதை ஒன்றை எடுத்துவிட, ரகிள்ஸ் எழுந்து எல்லோரையும் பாடக் கூப்பிட்டு அந்தக் கதையை அமுக்கிவிட்டதாகச் சொல்வார்கள். எங்கள் சங்கத்தில் பாட்டு என்றால் தமிழ்த்தாய் வாழ்த்தும் கடைசியில் நாட்டுப்பண்ணும்தான். கதையை அமுக்க வேண்டியிருந்தால் காபியைக் கொண்டுவரச் சொல்லிவிடுவோம்.

எங்கள் ஊர் மதுரைக்குத் தெற்கே, பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் பூமியில் இருக்கிறது. சங்கத்தில் 'அச்சுத் தொழில்' என்ற இடம் முதலில் என் அப்பாவுக்கு இருந்தது, பிறகு எனக்கு வந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அந்த இடத்தில் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த இன்னொரு அச்சகத்துக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு நன்கொடை தரத் தயாராக இருந்தாலும், சங்கத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது. ஒரு தொழிலுக்கு ஒரு ஆள் என்பது அன்றைய விதி. அவர் கடைசியில் லயன்ஸ் சங்கத்தில் போய்ச் சேர்ந்து தலைவராகவும் ஆனார். அங்கே இந்த விதி இல்லை. எங்கள் அழைப்பிதழில் இருந்த எழுத்துப் பிழைகளை அடிக்கோடிட்டு அனுப்பிவைக்கும் நட்பு எங்களுக்குள் உண்டு.

இந்த விதியைப் போட்டவர்கள் சேவையை நினைத்துப் போடவில்லை. பால் ஹாரிஸ் என்ற வக்கீல் 1896இல் சிகாகோவுக்கு வந்தார். வெர்மான்ட் மாநிலத்தில் வாலிங்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தவர். சட்டம் படித்து முடித்ததும் ஐந்து வருஷம் ஊர் ஊராகத் திரிந்து, பத்திரிகை நிருபராகவும் கால்நடைக் கப்பலில் வேலையாளாகவும் சலவைக்கல் விற்பனையாளராகவும் இருந்து பார்த்தவர். பெரிய நகரத்தில் கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள், சிநேகிதர்கள் கிடைக்கவில்லை. 1905 பிப்ரவரி 23ஆம் தேதி ராத்திரி, யூனிட்டி கட்டடத்தில் 711ஆம் எண் அறையில் நாலு பேர் கூடினார்கள். ஹாரிஸ், நிலக்கரி வியாபாரி சில்வெஸ்டர் ஷீல், தையல் கடை வைத்திருந்த ஹைரம் ஷோரி, சுரங்கப் பொறியாளர் கஸ்டவஸ் லோயர். அறை லோயருடையது. அடுத்த கூட்டத்தில் ரகிள்ஸ் வந்தார், அதற்கடுத்த கூட்டம் ஷீலின் நிலக்கரிக் கிடங்கில் நடந்தது. இப்படி ஒவ்வொருவர் இடத்திலும் மாற்றி மாற்றிக் கூடியதால்தான் ரோட்டரி என்ற பெயர்.

கூடிய நோக்கம் வெளிப்படையானது. நான் உன்னிடம் நிலக்கரி வாங்குகிறேன், நீ என்னிடம் சட்டை தைத்துக்கொள், இரண்டு பேரும் ரகிள்ஸிடம் அச்சடித்துக்கொள்வோம். ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று வைத்தால் உள்ளே போட்டி கிடையாது, சண்டை கிடையாது. யார் யாருக்கு எவ்வளவு வியாபாரம் கொடுத்தார் என்று கணக்கு வைக்கக்கூட ஆரம்பக் காலத்தில் ஒருவரைப் போட்டிருந்தார்கள். நம் ஊர்ப் பேட்டைகளில் இதற்கெல்லாம் சங்கம் தேவைப்படாது, மச்சான் முறை போதும். ஆனால் சொந்தபந்தம் இல்லாத நகரத்தில் அதைச் செயற்கையாகத்தான் உண்டாக்க வேண்டியிருந்தது.

1906இல் டொனால்ட் கார்ட்டர் என்ற காப்புரிமை வக்கீலைச் சேரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவர் விதிமுறைகளை வாசித்துப் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்றார். உறுப்பினர்களுக்கு மட்டும் லாபம் பார்க்கிற சங்கம் நிலைக்காது, ஊருக்கு ஏதாவது செய்தாக வேண்டும் என்பது அவர் கட்சி. சங்கத்தின் நோக்கங்களில் நகரத்தின் நலன் என்று ஒன்றைச் சேர்த்த பிறகுதான் அவர் வந்தார். ஆக, சேவை என்ற சங்கதி பின்னால் ஒட்டவைத்த ஒன்று. இதைச் சொன்னால் எங்கள் ஆட்களில் சிலருக்குக் கோபம் வருகிறது. எனக்கு இதில் மனக்குறை ஒன்றும் இல்லை. நல்ல காரியங்கள் பல அப்படித்தான் ஆரம்பித்திருக்கின்றன.

ஊருக்கு அவர்கள் முதலில் செய்த காரியம் கழிப்பறை. நகர மன்றக் கட்டடத்தின் அருகே பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று 1907இல் கிளம்பினார்கள். எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பீர் தயாரிப்பாளர்களிடமிருந்தும் பெரிய அங்காடிகளிடமிருந்தும். ஆண்களுக்குத்தான் ஆயிரக்கணக்கில் மதுக்கடைகள் இருக்கின்றனவே, பெண்களுக்கு ஸ்டேட் தெருக் கடைகளில் வசதி இருக்கிறதே, பொதுக் கழிப்பறை எதற்கு என்றார்கள். ஒதுங்கப் போகிறவன் ஒரு கிளாஸ் குடித்துவிட்டுத்தான் வெளியே வருவான் என்பது அவர்கள் கணக்கு. இரண்டு வருஷம் இழுத்துக் கடைசியில் கட்டினார்கள். எங்கள் ஊரில் சங்கத்தார் நிழற்குடைக்கு நன்கொடை கேட்டால் தருவார்கள், தண்ணீர்த் தொட்டிக்குத் தருவார்கள். கழிப்பறைக்குக் கேட்டால் பெயர்ப்பலகையை எங்கே மாட்டுவது என்ற யோசனையிலேயே பேச்சு நின்றுவிடும்.

ரோட்டரி பிறந்த அதே 1905ஆம் வருஷம் ஜூன் மாதம் புனாவில் கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தொடங்கினார். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் அதில் சேர்ந்து, கோகலேவுக்குப் பின் அதன் தலைவரும் ஆனார். அது வாழ்நாளையே கொடுக்கிற சங்கம். சொற்பச் சம்பளம், சபதம், துறவிக்குரிய ஒழுங்கு. வாரத்தில் ஒரு மணி நேரத்தைச் சோற்றோடு சேர்த்துக் கொடுக்கிற சங்கம் எங்களுடையது. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. ஆனால் ஊருக்கு ஒரு சாஸ்திரியார் கிடைக்கமாட்டார், மளிகைக்கடைக்காரர் கிடைப்பார்.

இந்தியாவுக்கு ரோட்டரி முதலில் வந்தது கல்கத்தாவுக்கு, 1920இல். தெற்கே வர இன்னும் ஒன்பது வருஷம் ஆயிற்று. கனடாவின் கால்கரி நகரத்து வியாபாரி ஜேம்ஸ் டேவிட்சன், மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு 1928இல் புறப்பட்டு, ஏதென்ஸ், கெய்ரோ, ஜெருசலேம் என்று ஊர் ஊராகச் சங்கம் வைத்துக்கொண்டே பாங்காக் வரை போனார். ஃபார்மோசா தீவைப் பற்றித் தடிமனான வரலாற்றுப் புத்தகம் எழுதியவர், போர் நிருபராகவும் தூதரக அதிகாரியாகவும் இருந்தவர். அவர் போன வழியில் பம்பாய், டில்லி, சென்னை, கொழும்பு, ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எல்லாம் வருகின்றன. சென்னைச் சங்கம் 1929இல் பிறந்தது. அப்போது சென்னையில் வெள்ளைக்காரர்களுக்கு மெட்ராஸ் கிளப், அதில் இந்தியர்களுக்கு இடமில்லை. இந்தியர்களுக்கு 1873இல் தொடங்கிய காஸ்மாபாலிட்டன் கிளப். சுதந்திரம் வந்த பிறகும் பல வருஷம் மெட்ராஸ் கிளப் கதவு திறக்கவில்லை. அந்த நகரத்தில் தொழிலை மட்டும் கேட்டு இரண்டு தரப்பாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்த சாப்பாடு என்பது அன்றைக்குச் சின்ன விஷயமல்ல.

ரோட்டரி சிற்றூர்களுக்கு வந்தபோது, ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதிக்கு வேறொரு முகம் கிடைத்தது. கரிசல் ஊரில் தொழில் என்றால் ஏறக்குறைய சாதி. எண்ணெய்க்கடை ஒருவர், பருத்திக் கமிஷன் மண்டி ஒருவர், நகைக்கடை ஒருவர், ஜவுளி ஒருவர், பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் ஒருவர் என்று பொறுக்கினால், அதுவரை கல்யாணப் பந்தியில்கூடச் சேர்ந்து உட்காராதவர்கள் வியாழக்கிழமை ராத்திரி ஒரே மேசையில் இட்லி சாப்பிட வேண்டிவந்தது. இதை யாரும் திட்டமிடவில்லை. புரட்சி என்றும் சொல்லமாட்டேன், ஏனென்றால் கடைக்கு மேலே பெயர்ப்பலகை வைத்திருந்த தொழில்களுக்கு மட்டும்தான் நாற்காலி இருந்தது. முடி வெட்டுகிறவர், தோட்டி வேலை பார்ப்பவர், லாரி ஓட்டுகிறவர், பந்திக்குச் சமைப்பவர் இவர்கள் எல்லாம் தொழிலே செய்யாதவர்கள்போல எங்கள் பட்டியல் இருந்தது. லாரி உரிமையாளருக்கு இடம் உண்டு.

அந்த விதியின் முழு உபயோகம் கண் முகாமில்தான் தெரிந்தது.

டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். முடக்குவாதம் வந்து கைவிரல்கள் கோணிப்போன நிலையில் கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகியவர். மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் துறைத் தலைவராக இருந்தபோது, 1960களின் தொடக்கத்தில், டாக்டர்களையும் செவிலியரையும் கூட்டிக்கொண்டு கிராமங்களுக்கே போய் முகாம் போட ஆரம்பித்தார். 1976இல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கண்ணை அறுப்பது டாக்டர் வேலை. கண் தெரியாதவரை டாக்டர் முன்னால் கொண்டுவந்து உட்கார வைப்பது யார் வேலை? அது ஊர்க்காரர்கள் வேலை என்பதில் அவர் தெளிவாக இருந்தார். லயன்ஸ், ரோட்டரி, மில் முதலாளிகள், வங்கிகள், பக்தர் சபைகள் என்று யார் முன்வந்தாலும் அவர்களை முகாமின் பொறுப்பாளராக்கினார்.

லயன்ஸுக்கு இதில் முன்னுரிமை உண்டு, மறைக்கக் கூடாது. 1917இல் மெல்வின் ஜோன்ஸ் என்ற இன்ஷூரன்ஸ்காரர் அதே சிகாகோவில் தொடங்கிவைத்த இயக்கம் அது. 1925 ஜூன் 30ஆம் தேதி ஓஹையோ மாநிலத்தில் நடந்த மாநாட்டுக்கு ஹெலன் கெல்லர் வந்து, பார்வையற்றோருக்காக நில்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் அவர்கள் காரியம். எங்கள் ஊரில் சித்திரையில் அவர்கள் முகாம், ஆவணியில் எங்கள் முகாம். யாருக்குக் கூட்டம் அதிகம் என்ற போட்டியில் லாபமடைந்தவர்கள் கிழவிகள்.

அப்பா காலத்து முகாம்களில் அறுவை சிகிச்சையே பள்ளிக்கூடத்தில் நடந்தது. கோடை விடுமுறையில் வகுப்பறையைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, மேசைகளை ஒட்டிப் போட்டு, ஒரு கூடம் ஆபரேஷன் தியேட்டர், மற்ற கூடமெல்லாம் வார்டு. தரையில் பாய். கட்டுப்போட்ட கண்ணோடு நோயாளி தலையை அசைக்காமல் நாள் கணக்கில் கிடக்க வேண்டும், இரண்டு பக்கமும் மணல் பை. கண்புரையோடு லென்ஸையும் எடுத்துவிடுவார்கள், பதிலுக்குச் சோடா பாட்டில் அடிப்பாகம்போலத் தடித்த கண்ணாடி. அந்தக் கண்ணாடி உடைந்தால் மறுபடியும் குருடுதான்.

என் வேலை நோட்டீஸ். டெம்மி தாளை நாலாக வெட்டி, டிரெடில் மெஷினில் கறுப்பு மையில் ஓட்டுவேன். 'இலவச கண் சிகிச்சை முகாம்' என்ற வரிக்கு மர எழுத்து. கீழே பொடி எழுத்தில், தலைக்குக் குளித்துவிட்டு வரவும், மாற்று உடை கொண்டுவரவும், சர்க்கரை வியாதிக்காரர்கள் மருந்துச் சீட்டோடு வரவும். ரோட்டரிச் சின்னமான சக்கரத்துக்குத் தனி பிளாக். முதல் சக்கரத்தை வரைந்த மான்டேக் பேர் என்பவரும் தொழிலால் செதுக்குபவர், அவர் போட்டது சாதாரண வண்டிச் சக்கரம். 1920களில் அது 24 பல்லும் ஆறு ஆரமும் கொண்ட இயந்திரச் சக்கரமாயிற்று. அச்சாணியில் மாட்டுகிற காடி இல்லாவிட்டால் சக்கரம் சும்மா சுற்றும், வேலை செய்யாது என்று பொறியாளர்கள் சொன்னதால் நடுவில் காடியும் வந்தது. பழைய பிளாக் தேய்ந்து பல் மழுங்கிப் போனால் ரோட்டரி மாவட்ட ஆளுநர் வருகைக்கு முன்னால் புதுசு செய்துவிட வேண்டும். பல்லை எண்ணிப் பார்க்கிற ஆளுநர்கள் உண்டு.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நோட்டீஸ் யாருக்கு? கண் தெரியாதவருக்கு. கண் தெரிந்த காலத்திலும் அவருக்கு எழுத்து தெரியாது. ஆகவே நோட்டீஸைக் கிழவரிடம் கொடுத்துப் பயனில்லை, பேரனிடம் கொடுக்க வேண்டும். இங்கேதான் தலைமையாசிரியர் நாற்காலி உதவிற்று. சனிக்கிழமை பள்ளி விடுகிறபோது பிள்ளைகள் கையில் ஆளுக்கொன்று. தியேட்டர்காரர் இடைவேளையில் ஸ்லைடு போடுவார், அதைப் பார்த்த மகன் வீட்டில் போய்ச் சொல்வான். பருத்தி மண்டிக்காரர் சந்தை நாளில் மூட்டையோடு வரும் சம்சாரிகளிடம் வாயாலேயே சொல்லிவிடுவார். கிராமத்துக் கிழவியை ஏற்றிவர அரிசி ஆலை லாரி. முகாமுக்கு இடம் கல்யாண மண்டபக்காரர், முகூர்த்தமில்லாத ஞாயிறு எது என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லுவதும் அவர்தான். அரிசி பருப்பு மளிகைக்கடை, விறகு மரக்கடை, குடிதண்ணீர் ஐஸ் பேக்டரி, சொட்டு மருந்தும் பஞ்சும் மருந்துக்கடை, சர்க்கரை பரிசோதிக்க உள்ளூர் டாக்டர், கணக்கு பார்க்க வங்கி மேனேஜர்.

சிகாகோக்காரர்கள் ஒருவருக்கொருவர் சரக்கு விற்றுக்கொள்ளப் போட்ட விதி, ஒரு முகாமுக்குத் தேவையான அத்தனை பொருளையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்துவிட்டிருந்தது. பத்து மளிகைக்கடைக்காரர்கள் சேர்ந்த சங்கத்தால் பத்து மூட்டை அரிசி தர முடியும், முகாம் நடத்த முடியாது. வருகைப்பதிவு விதியும் இதோடு சேரும். அப்போது நூற்றுக்கு அறுபது கூட்டமாவது வந்தாக வேண்டியிருந்தது, வெளியூரில் இருந்தால் அந்த ஊர்ச் சங்கத்தில் போய் உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டியிருந்தது. தொல்லையாகத்தான் இருந்தது. ஆனால் வாரம் தவறாமல் முகம் பார்த்தவரிடம் லாரி கேட்க மனு எழுத வேண்டியதில்லை. பந்தியில் சாம்பார் ஊற்றும்போது கேட்டுவிடலாம்.

1980களில் முறை மாறத் தொடங்கியது. முகாமில் பரிசோதனை மட்டும், அறுவைக்குப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு. பள்ளிக்கூடத்தில் அறுப்பதில் இருந்த தொற்று பயம் ஒழிந்தது. 1992இல் அரவிந்த் தன் சொந்தத் தொழிற்கூடமான அரோலேபில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைச் செய்ய ஆரம்பித்து, வெளிநாட்டு விலையில் சிறு பங்குக்குக் கொடுத்ததும் தடிக் கண்ணாடியும் போயிற்று. டாக்டர் வேங்கடசாமி 2006இல் காலமானார். எங்கள் பங்கு குறைந்ததுபோலத் தோன்றும், ஆனால் ஆளைக் கூட்டிச் சேர்க்கிற வேலை அப்படியேதான் இருந்தது. பஸ்ஸில் ஏறப் பயந்து கடைசி நிமிஷத்தில் இறங்கி ஓடுகிற தாத்தாவைச் சமாதானப்படுத்த லென்ஸ் தொழிற்சாலை உதவாது.

போலியோவிலும் இதே கதை. வேலூர் சி.எம்.சி.யின் டாக்டர் ஜேக்கப் ஜான் ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் சேர்த்துச் சொட்டு மருந்து கொடுக்கும் முறையை வேலூரில் 1980களின் தொடக்கத்தில் செய்து காட்டினார். ரோட்டரி 1985இல் போலியோ ஒழிப்பைத் தன் உலகத் திட்டமாக எடுத்தது. இந்தியா முழுவதும் 1995 டிசம்பரில் தொடங்கிய சொட்டு மருந்து நாள்களில் எங்கள் ஊர்ச் சாவடிகளுக்கு ஐஸ் எங்கிருந்து வந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டது நாட்டின் கடைசி நோயாளி, 2014 மார்ச்சில் சான்று கிடைத்தது.

இத்தனையிலும் நாற்காலி இல்லாமல் வேலை பார்த்தவர்கள் வீட்டுப் பெண்கள். முகாம் சமையலுக்கு அளவு சொன்னது, கட்டுப்போட்ட பாட்டிகளைக் கையைப் பிடித்துக் கொல்லைக்குக் கூட்டிப்போனது, ஆபரேஷனுக்கு மாட்டேன் என்று அழுதவர்களிடம் பேசியது எல்லாம் அவர்கள். அழைப்பிதழில் நான் அச்சடித்ததோ 'துணைவியார்' என்ற ஒரு சொல், அதுவும் கணவர் பெயருக்குப் பின்னால். கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் பெண்களைச் சேர்த்ததற்காக 1978இல் அதை ரோட்டரியிலிருந்து விலக்கினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987 மே மாதம் டுவார்ட்டே பக்கம் தீர்ப்பாயிற்று. 1989இல் சிங்கப்பூரில் கூடிய ரோட்டரியின் சட்டமியற்றும் மன்றம் ஆண்கள் மட்டும் என்ற விதியை எடுத்தது. எங்கள் சங்கத்தில் முதல் பெண் உறுப்பினர் வர அதற்குப் பிறகும் ரொம்ப நாள் ஆயிற்று. வந்தவர் பல் டாக்டர். அவர் செயலாளராக இருந்த வருஷத்துக் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துத்தான் எங்களுக்குக் கணக்கு எழுதத் தெரியாது என்று விளங்கியது.

ஒரு தொழிலுக்கு ஒருவர் என்ற விதி 2001இல் தளர்ந்தது, ஒரே தொழிலில் பலர் வரலாம் என்றாயிற்று. உறுப்பினர் எண்ணிக்கை குறைகிறதே என்ற கவலையில் செய்தது, நியாயமும்தான். இப்போது எங்கள் மேசையில் ரியல் எஸ்டேட்காரர்கள் மட்டும் பாதிக்கு மேல் இருப்பார்கள். எல்லோரும் தாராளமானவர்கள், காசு கேட்டால் முகம் சுளிப்பதில்லை. ஆனால் போன முகாமுக்குச் சமையல் பாத்திரம் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பரிமாறுவதும் கேட்டரிங்காரர்தான், ரசீதும் அவர்தான்.

பொன்விழா மலர் போட வேண்டும் என்று இப்போதைய தலைவர் வந்திருக்கிறார். நல்ல பையன், என்னை 'அண்ணாச்சி' என்றுதான் கூப்பிடுவார். முன்னாள் தலைவர்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு பக்கம், பல வண்ணத்தில், தங்கச் சங்கிலி போட்ட படத்தோடு. நான் கேட்டது வேறு. ஒவ்வொரு வருஷமும் எந்தெந்தத் தொழிலுக்கு நாற்காலி இருந்தது, யார் உட்கார்ந்தார்கள் என்ற பட்டியல். அதோடு நாற்காலி இல்லாமல் வந்து நின்றவர்கள், தவசுப்பிள்ளை, லாரி டிரைவர், ஸ்லைடு போட்ட ஆபரேட்டர், அந்த வீட்டுப் பெண்கள், நினைவிருக்கிறவரை பெயரோடு. அச்சுக் கூலி வேண்டாம் என்றும் சொல்லிப்பார்த்தேன். ஒரு பக்கம் தரலாம் அண்ணாச்சி, விளம்பரம் வந்து நிரம்பாவிட்டால் பார்க்கலாம் என்கிறார். பட்டியலை எழுத ஆரம்பித்துவிட்டேன். ஐஸ் பேக்டரிக்காரருக்கு முந்தைய ஐஸ் பேக்டரிக்காரர் பெயர் மட்டும் வர மாட்டேன் என்கிறது, லயன்ஸ் சிநேகிதரிடம் போன் பண்ணிக் கேட்க வேண்டும்.